டெங்கும் இல்லை, டைபாய்டும் இல்லை. பிறகு என்ன காய்ச்சல்?

மழைக்காலம் முடியும் நேரத்தில் சென்னைப் புறநகரில் அனகாபுத்தூர், பம்மல், பல்லாவரம் பக்கத்து கிளினிக்குகளில் காய்ச்சல்காரர்கள் கூட்டம் கூடும். முதலில் டெங்கு பரிசோதனை, அடுத்து டைபாய்டு. இரண்டிலும் ஒன்றும் இல்லையென்றால் ‘வைரல் ஃபீவர்’ என்று அனுப்பிவிடுவார்கள். அந்தப் பெயருக்குள் மறைந்துகொள்ளும் நோய்களில் ஒன்று, எலித்தெள்ளு பரப்பும் முரைன் டைபஸ்.

2024இல் வியட்நாம், கம்போடியா போய்த் திரும்பிய 75 வயது முதியவர் உடல்வலி, சோர்வோடு திருவனந்தபுரம் தனியார் மருத்துவமனை ஒன்றில் சேர்ந்தார். கல்லீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்பட்டிருந்தன. வழக்கமான பரிசோதனைகளில் எதுவும் சிக்கவில்லை. வேலூர் சிஎம்சியில் மரபணு வரிசையைப் பார்த்த பிறகே ‘ரிக்கெட்சியா டைஃபி’ என்ற பாக்டீரியா பிடிபட்டது. எல்லா நோயாளிக்கும் அந்தப் பரிசோதனை கிடைக்குமா என்ன?

தெள்ளு கடித்த இடத்தில் அதன் எச்சமும் விழுகிறது. சொறியும்போது கிருமி உள்ளே போகிறது. ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சலும் கடுமையான தலைவலியும் வரும். தோலில் தடிப்பு எல்லோருக்கும் வராது. வந்தாலும் கறுத்த தோலில் எளிதில் தெரியாது. ரத்தக்குழாய்களின் உள்சுவர்ச் செல்களுக்குள் குடியிருக்கும் கிருமி இது. அதனால்தான் முற்றினால் நுரையீரல், மூளை, சிறுநீரகம் என்று எங்கும் கைவைக்கிறது. காய்ச்சலுக்குப் போடும் செஃப்ட்ரியாக்சோன் போன்ற ஊசிகள் இதனிடம் பலிக்காததும் அதனால்தான்.

பலிப்பது டாக்சிசைக்ளின். விலை மலிவு, பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். ரத்தத்தில் எதிர்ப்பொருளைத் தேடும் பரிசோதனைகள் முதல் வாரத்தில் ஏமாற்றக்கூடும். ஆகவே சந்தேகம் வலுத்தால் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் மருத்துவர் மருந்தைத் தொடங்குவதே சரி.

இங்கே அதிகம் பேசப்படுவது முரைன் டைபஸின் உறவுக்காரனான ஸ்கரப் டைபஸ். புதர்களில் இருக்கும் நுண்ணிய உண்ணி கடித்து வருவது. அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ சிகரெட் சுட்டதுபோல ஒரு கருப்புப் பொருக்கு இருந்தால் அதுதான் துப்பு. முரைன் டைபஸில் அந்தத் துப்பும் கிடையாது. ஸ்கரப் டைபஸ் தீவிரமானவர்களுக்கு டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து நரம்பு வழியே ஏற்றினால், ஒன்றை மட்டும் கொடுப்பதைவிடப் பலன் அதிகம் என்று சிஎம்சி தலைமையிலான ஆய்வு 2023இல் காட்டியது.

எலியை ஒழித்தால் போதுமே என்று தோன்றும். ஆனால் எலி செத்ததும் தெள்ளு அடுத்த உடம்பைத் தேடி இறங்கும்; அது நாமாகவும் இருக்கலாம். எனவே முதலில் தெள்ளுக்கு மருந்து, பிறகு எலிக்கு. செத்த எலியை வெறுங்கையால் தூக்க வேண்டாம். வீட்டில் எலித் தொல்லை இருந்தால், மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.