பட்டியலினுள் பொருளின் தோற்றம்: பைதன் மொழி பற்றிய ஒரு குறிப்பு

கணினி நிரல்மொழிகள் பொறியியலாளருக்கு மட்டுமே உரியனவெனக் கருதும் போக்கு நம்மிடையே நிலவுகின்றது. ஆயினும், ஒரு மொழி எதனை, எவருக்காக, எவ்வுருவில் எழுதிக் காட்டுகின்றது என்பது மொழி பயில்வோர் அனைவருக்குமுரிய வினாவாகும்.

பைதன் மொழியில் ‘நூல்’ என்றொரு வகுப்பை அமைத்து, தலைப்பையும் ஆண்டையும் தரும் ‘ஸ்ரர்’ முறையை அதில் எழுதுகின்றோம் எனக் கொள்வோம். தனி நூலொன்றை அச்சிடும்போது அவையிரண்டும் தோன்றும். அந்நூல்களையே பட்டியலொன்றில் இட்டு அச்சிட்டாலோ, வகுப்பின் பெயரும் நினைவக முகவரியுமே எஞ்சும். பட்டியல் தன் உறுப்புகளிடம் ‘ஸ்ரர்’ முறையை வேண்டுவதில்லை. ‘ரெப்ர்’ முறையையே வேண்டுகின்றது. முன்னது வாசகனுக்குரியது, பின்னது நிரலாளனுக்குரியது. ஆகவே, பெயரின் இருபுறமும் இரட்டை அடிக்கோடிட்டு, ‘ரெப்ர்’ முறையை வகுப்பினுள் நாமே எழுதி, வேண்டிய சரத்தை அது திருப்பித் தரச் செய்தல் வேண்டும். ‘ஸ்ரர்’ எழுதப்படாதவிடத்து அதன் பணியையும் ‘ரெப்ர்’ ஆற்றும், மறுதலை நிகழாது. ஒன்றை மட்டும் எழுதுவோர் பின்னதையே எழுதுதல் நன்று. வகுப்பு பிறர் ஆக்கமாயின், ஒவ்வோர் உறுப்பையும் சரமாக மாற்றி, ‘ஜொயின்’ முறையால் இணைத்து அச்சிடலாம்.

இவ்வேறுபாடு வீண் சிக்கலன்று. 1956 என்னும் எண்ணும் அதே இலக்கங்களாலான சரமும் மேற்கோட்குறியின்றி ஒரே தோற்றம் பெறும். காற்புள்ளி கொண்ட தலைப்பு இரு தலைப்புகளாக மயங்கும். பட்டியலும் ‘ஸ்ரர்’ முறையையே அழைத்தல் வேண்டும் என்ற முன்மொழிவு 2008இல் நிராகரிக்கப்பட்டது. புதிய பதிப்பு அண்மித்த வேளையில் பெருங் குழப்பம் விளையும் என்பதே மொழியை ஆக்கிய கைடோ வான் றொஸ்ஸம் காட்டிய காரணம். முடிவு சரியானதே; காரணம் போதாது என்பது நம் கருத்து.

ஆனால் அந்த நிரலாளன் யார்? பைதன் 2இல் தமிழ்ச் சொற்களின் பட்டியலை அச்சிட்டால் ஓரெழுத்தேனும் தோன்றாது. பின்சாய்கோடும் எண்ணும் விரவிய குறிகளே நிரையாக நிற்கும். ஆங்கிலச் சொல்லோ சொல்லாகவே தோன்றும். நிரலாளன் ஆங்கில நெடுங்கணக்கை மட்டுமே வாசிப்பவன் என்ற எடுகோள் ‘ரெப்ர்’ முறையினுள் மறைந்திருந்தது. இதற்கு எதிராக அற்சுவோ இஷிமொட்டோ முன்வைத்த திருத்தம் ஏற்கப்பட்டு, 2008 டிசெம்பரில் வெளிவந்த பைதன் 3.0 முதல், அச்சிடத்தக்க யூனிகோட் எழுத்துகள் பட்டியலினுள்ளும் எழுத்துகளாகவே தோன்றலாயின. பைதன் 2இன் பராமரிப்பு 2020 ஜனவரி 1இலேயே நிறுத்தப்பட்டது. அதுவரை பதினோராண்டுகள் இரு நடைமுறைகளும் அருகருகே நிலவின.