ஊசிமுனையில் ஒரு கல்விக் கணக்கு

நியூஜெர்சியின் பர்லிங்டன் கவுண்டியில் மேரி ஆண்ட்ரிம் என்ற சிறுமி 1807இல் தைத்த துணி, 2012 ஜனவரியில் நியூயார்க் சாதபீஸ் ஏலத்தில் 10,70,500 டாலருக்குப் போனது. எழுத்தும் எண்ணும் பூவேலையும் பழக, லினன் துணியில் பட்டு நூலால் தைக்கும் இந்தப் பயிற்சித் துணிக்குச் ‘சாம்ப்ளர்’ என்று பெயர்.

வயது: அமெரிக்க மண்ணில் தைக்கப்பட்டதில் மிகப் பழையதாகக் கருதப்படுவது, பிளிமத் குடியேற்றத்தில் லோரா ஸ்டாண்டிஷ் தைத்தது. அதற்கு 350 ஆண்டுகளுக்கு மேலாகிறது. பில்கிரிம் ஹால் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

உழைப்பு: அங்குலத்துக்கு 30 இழை உள்ள துணி என்று வைத்துக்கொள்வோம். இரண்டு இழைக்கு ஒரு கிராஸ் தையல் போட்டால், சதுர அங்குலத்துக்கு 225 தையல். ஓரடிச் சதுரத் துணியில் கால் பங்கு நிரப்பவே 8,100 தையல் வேண்டும். நிமிடத்துக்கு 5 வீதம் போட்டாலும் 27 மணி நேரம். பிரித்துத் தைத்த நேரம் இதில் சேரவில்லை.

எழுத்து: பழைய சாம்ப்ளர்கள் பலவற்றில் 26க்குப் பதில் 24 எழுத்துகளே உண்டு. ஐ–ஜே, யூ–வி ஆகிய இணைகளுக்கு ஒவ்வோர் எழுத்தே போதுமென்று வைத்திருந்தார்கள். வீட்டு விரிப்புகளில் முதலெழுத்தும் எண்ணும் தைத்து அடையாளமிட இந்தப் பயிற்சி உதவியது.

கல்வி: நியூ இங்கிலாந்து உயில்களை ஆராய்ந்து கென்னத் லாக்ரிட்ஜ் 1974இல் வெளியிட்ட கணக்கு இது. 1660களில் கையெழுத்திட்ட ஆண்கள் சுமார் 60 சதவீதம்; பெண்கள் மூன்றில் ஒரு பங்கு. 1790 வாக்கில் ஆண்கள் 90ஐ எட்டினார்கள். பெண்கள் பாதியைக்கூடத் தொடவில்லை. பாஸ்டன் பொதுப்பள்ளிகள் 1789இல்தான் சிறுமிகளைச் சேர்த்தன. அதுவும் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை, ஆண்டுக்கு 6 மாதம் மட்டும். பேனா எட்டாத கைகளில் ஊசி இருந்தது.

விடுபட்டவர்கள்: பட்டு நூலும் பள்ளிக் கட்டணமும் வசதியுள்ள வீடுகளுக்கே எட்டின. அடிமைத்தளையில் இருந்த சிறுமிகளின் பெயர் இந்தக் கணக்கில் அநேகமாக இல்லை. பால்டிமோரில் மேரி எலிசபெத் லாங்கே கருப்பினச் சிறுமிகளுக்காக 1828இல் தொடங்கிய பள்ளியின் துணிகள் அதனாலேயே அரியவை.

இருப்பு: 1921இல் போல்டனும் கோவும் வெளியிட்ட தொகுப்பு நூல் ஏறத்தாழ 2,500 சாம்ப்ளர்களைப் பதிந்தது. ஸ்மித்சோனியனின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் 137 உள்ளன. அங்கே முதல் துணி வந்து சேர்ந்தது 1886இல்.

ஏலத்தொகையை வைத்து இவற்றை மதிப்பிடுவது தவறு. உயிலிலும் பள்ளிப் பதிவேட்டிலும் இடம்பெறாத ஆயிரக்கணக்கான சிறுமிகள் தம் பெயர், வயது, ஆண்டு ஆகியவற்றைத் தாங்களே பதிந்து வைத்த ஆவணம் வேறெங்கும் இல்லை. காட்சிக்கு வைப்போர் விலையைச் சொல்லுமுன் அந்தப் பெயரைச் சொல்ல வேண்டும்.