மையநீக்க அமுக்கியிற் காற்றின் பின்னடைவு

1937 ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் 12 ஆம் நாள், பிறாங் விற்றில் என்பார் இங்கிலாந்திலே தாம் அமைத்த ஜெற் பொறியை முதன்முறை இயக்கினார். அப்பொறியின் உயிர்நிலை 19 அங்குல விட்டமுடைய ஒரு சில்லு. நிமிடத்துக்கு 17,750 முறை சுழலுமாறு அது வகுக்கப்பட்டது. மாணவர் கணக்கிட்டுப் பார்ப்பாராயின், அதன் விளிம்பு செக்கனுக்கு ஏறக்குறைய 1,470 அடி செல்லும் எனக் காண்பர். ஒலியினும் விரைவு அது. வளியை ஒரே படியில் நான்கு மடங்கு அமுக்கத்துக்கு உயர்த்துவதே விற்றிலின் நோக்கம். பின்னர் எழுந்த டபிள்யூ.2பி பொறியை வருத்திய நோய்களுள் ஒன்று ‘சேர்ஜ்’ எனும் பேரலைவு. அந்நோயின் மூலம் யாது?

சில்லின் நடுவாயிலாற் புகும் வளியைத் தகடுகள் சுழற்றி வெளிப்புறம் வீசுகின்றன. வீசப்பட்ட வளியின் வேகம், விரிந்து செல்லும் வழிகளிலே தணிந்து அமுக்கமாக மாறும். எனவே வளி எப்போதும் குறைந்த அமுக்கத்திலிருந்து கூடிய அமுக்கத்தை நோக்கியே, மேடேறுவதுபோலச் செல்லவேண்டியுள்ளது. சுவரை ஒட்டிய எல்லைப்படையோ உராய்வினால் வேகம் இழந்தது. விரைவின்றி மேடேற முயலும் துவிச்சக்கரவண்டி பின்னே உருள்வதை ஒக்கும் அதன் நிலை.

வெளியே செல்லும் வளியின் அளவைக் குறைப்போமாயின் உட்புகும் வேகம் குறையும். தகட்டின் வேகமோ குறையாது. ஆதலின் வளி தகட்டைச் சரிந்த கோணத்திலே தாக்கும். அச்சிலிருந்து விலகிய இடத்திலேயே தகட்டின் வேகம் மிகுதி. ஆகவே வாயிலின் வெளிவிளிம்பிலேதான் வளி முதலிற் பிடிதளர்கின்றது. ஆங்கில நூல்கள் இதனை ‘ஸ்டோல்’ என்று வழங்கும். அவ்வாறு தளர்ந்த வளி உறையின் சுவரோரமாக வாயிலுக்கு வெளியே மீளும். மீண்டு, சில்லின் திசையிற் சுழன்றவாறே புதுவளியுடன் கலந்து மறுபடியும் உட்புகும். ஒரே வளிக்குத் திரும்பத்திரும்ப வேலை செய்வதால் ஆற்றல் வீணாகி வெப்பமாகின்றது. வாயிலோரத்து வெப்பநிலை உயர்வைக்கொண்டே இம்மீள்சுழற்சியை அறியலாம்.

ஈண்டு ஒரு வியப்பு உளது. மீண்ட வளி வாயிலின் வெளிப்பகுதியை அடைத்துக்கொள்வதால், நடுவே செல்லும் வளியின் வேகம் கூடுகின்றது; தாக்குகோணமும் சீர்ப்படுகின்றது. ஆகையால் மீள்சுழற்சி தோன்றியபின்னரும் அமுக்கி நிலைகுலையாது இயங்கக்கூடும். இக்கெடுதியையே மருந்தாக்கினர் பொறியியலார். சில ‘டேர்போ’ ஊட்டிகளின் உறையிலே ஒரு பிளவு வெட்டி, தளர்ந்த வளி ஒழுங்காக வாயிலுக்குத் திரும்ப வழி அமைத்துள்ளனர். பாய்ச்சல் மிகும்போது அதே பிளவு மேலதிக வளியை உள்ளே விடும். மிக அழகிய ஏற்பாடு என்பது எம் கருத்து.

பிடிதளர்வு ஓரிடத்தில் நிற்பதுமன்று. ஒரு வழி அடைபட்டால் விலகும் வளி ஒரு பக்கத்து வழியைக் கெடுக்கும், மறுபக்கத்ததைத் திருத்தும். எனவே தளர்வு வழிக்கு வழி நகரும். இதன் இயல்பை எமன்சும் அவர்தம் துணைவரும் 1955 இல் விளக்கினர்.

பேரலைவு இதனின் வேறானது. அமுக்கி தளர்ந்த கணத்தில், அப்பால் நிறைந்திருக்கும் வளியின் அமுக்கம் மேலோங்கினால், பாய்ச்சல் முழுவதும் பின்னோக்கித் திரும்பும். நிறைந்தது வடிந்ததும் அமுக்கி தேறும், மீண்டும் நிரம்பும், மீண்டும் தளரும். தண்டும் தாங்கிகளும் அந்த அதிர்ச்சியைத் தாங்கவேண்டும். அப்பாலுள்ள கனவளவும் சில்லின் வேகமும் பெரியனவாயிற் பேரலைவும், சிறியனவாயிற் சுழல்தளர்வும் நேரும் என்று அச்சுப்பாய்ச்சல் அமுக்கிகளுக்கு 1976 இல் நிறுவினார் கிறைற்சர். ஆலைகளில் எல்லை நெருங்குமுன் ஒரு வால்வு தானே திறந்து, அமுக்கப்பட்ட வளியிற் சிறிது வாயிலுக்குத் திருப்பப்படுகின்றது.