உப்புக் காற்றும் வியாபார வேனும்

கற்பிட்டி, புத்தளம், மன்னார், கல்முனை என்று கரையோர ஊர்களில் தொழில் செய்யும் நம்மவர்களுக்கு வேன் என்பது கடையின் இன்னொரு அறை மாதிரி. தராசுக்கு வருடா வருடம் முத்திரை குத்திக்கொள்கிறோம். வேனுக்கு ஒயில் மாற்றுகிறோம், டயர் பார்க்கிறோம், புகைப் பரிசோதனை செய்து வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கிறோம். ஆனால் பாரம் முழுவதையும் தாங்கி நிற்கும் அடிப்பக்கத்து இரும்பு எந்த நிலையில் இருக்கிறது என்பதை அந்தப் பத்திரங்கள் சொல்வதில்லை. புகைப் பரிசோதனையில் பார்ப்பது புகையை மட்டும்தான்.

இன்று நம்மிடம் ஓடுகின்ற வேன்களில் பல 25, 30 வருடம் பழையவை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இன் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் அவ்வருடம் மே மாதத்தில் 360 ரூபா வரை போனது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டாலும் வரியோடு சேர்த்துப் பார்க்கும்போது சின்ன வியாபாரிக்கு எட்டாத விலை. ஆகவே இருக்கிற வண்டியைக் காப்பாற்றித்தான் தொழில் செய்ய வேண்டியிருக்கிறது. இதில் எனக்கு நேர்ந்த ஒரு விடயத்தைச் சொன்னால் உங்களுக்கும் பயன்படும்.

என்னிடம் இருப்பது 1993ஆம் ஆண்டு டொயோட்டா டொல்பின் வேன். கற்பிட்டியில் கருவாடு ஏற்றி, பாலாவி வழியாகக் கொழும்பு புறக்கோட்டைக்கு வாரத்தில் மூன்று பயணம். 2023இல் ஒரு நாள் டயர் மாற்றும்போது, பாரம் இல்லாமலே வண்டி பின்பக்கம் வலப்புறமாகக் கொஞ்சம் சரிந்து நிற்பதை டிரைவர் தம்பி கவனித்தார். சமதரையில் நிறுத்தி, சக்கரத்தின் நடுவிலிருந்து மட்காட் விளிம்பு வரை இரண்டு பக்கமும் அளந்தோம். இரண்டு விரல் அகலம் வித்தியாசம். அன்றிரவே கொழும்புக்குச் சரக்குப் போக வேண்டும், வாங்குபவர் காத்திருக்கிறார். இருந்தாலும் முதலில் கராஜுக்குக் கொண்டு போனோம்.

பாஸ் அடியில் படுத்து, சின்னச் சுத்தியலால் ஒவ்வொரு இடமாகத் தட்டிக்கொண்டே போனார். நல்ல இரும்பு மணி மாதிரி ஒலிக்கும். வலது பின் ஸ்பிரிங்கில் தட்டியபோது ஈரச் சட்டியைத் தட்டினது போல் 'டொப்' என்றது. ஸ்குறூ டிரைவரால் கிளறினார். பணியாரத்து மேலோடு போல ஏடு ஏடாக உதிர்ந்தது. இரண்டாவது பிளேட் உள்ளே முறிந்து கிடந்தது. அதைவிடப் பயங்கரம், ஸ்பிரிங்கின் முன்முனையைச் செஸியோடு பிடித்திருக்கும் ஹேங்கரின் வேர்ப்பக்கம் விரல் நுழையும் அளவுக்குத் தின்றுபோயிருந்தது.

"நானா, இதோட கொழும்புக்குப் போக ஏலாது. கராஜ விட்டு வெளிய எடுக்கவும் நான் விட மாட்டேன்" என்றார். அன்றைக்கு வாடகை லொறி பிடித்துச் சரக்கை அனுப்பினேன்.

அந்த ஹேங்கர் ஏன் அவ்வளவு முக்கியம்? டொல்பின் வேனின் பின் எக்சல், இரண்டு பக்கமும் உள்ள ஸ்பிரிங் பிளேட் கட்டுகளோடு யூ போல்ட்களால் இறுக்கப்பட்டிருக்கிறது. ஸ்பிரிங் பாரத்தை மட்டும் தாங்குவதில்லை, எக்சலை அதன் இடத்தில் பிடித்து வைத்திருப்பதும் அதுதான். பின்முனை ஷெக்கலில் முன்னும் பின்னும் ஆடும், முன்முனை ஆடாது. அந்த முன்முனை பிய்ந்தால் அந்தப் பக்கச் சக்கரம் பின்னால் தள்ளப்பட்டு, பின்சக்கரங்களே வண்டியைத் திருப்பத் தொடங்கும். பாரத்தோடு வேகமாகப் போகும்போது, அல்லது பிரேக் அடிக்கும்போது இது நடந்தால் எந்த டிரைவராலும் சமாளிக்க முடியாது. பிளேட்களின் நடுவில் உள்ள சென்டர் போல்ட் முறிந்தாலும் எக்சல் நழுவும். நேர் பாதையில் போகும் வேனைப் பின்னாலிருந்து பார்த்தால் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் ஓடுவது தெரியும்.

இரும்பு துருப்பிடிக்கக் காற்றும் ஈரமும் போதும். உப்பு சேர்ந்தால் அந்த வேலை பல மடங்கு விரைவாகும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் என்பதால், வெயில் எரிக்கும் நாளிலும் பிளேட்களின் இடுக்கு காய்வதில்லை. துரு, அது தின்ற இரும்பைவிடக் கூடுதலான இடத்தைப் பிடிக்கும். அதனால் பிளேட்களுக்கு இடையில் ஆப்பு வைத்ததுபோல் நின்று அவற்றைப் பிரித்துத் தள்ளும். ஸ்பிரிங் உருக்கு கடினமானது. அதன் மேல் சின்னக் குழி விழுந்தால் போதும், ஒவ்வொரு பள்ளத்திலும் வளைந்து நிமிரும்போது அந்தக் குழியிலிருந்து வெடிப்பு ஓடும். வெளியே பெயின்ட் நன்றாக இருந்தாலும் உள்ளே வேலை நடந்துகொண்டே இருக்கும்.

எங்களைப் போன்ற கருவாட்டுக்காரருக்குக் கடற்காற்றைவிடப் பெரிய எதிரி சாக்கிலிருந்து வடியும் உப்புத் தண்ணீர். தளத்துப் பலகையின் இடுக்கால் அது இறங்கும் இடம் நேராகச் செஸியும் பின் ஸ்பிரிங்கும். வலப்பக்கம் மட்டும் ஏன் அப்படி என்று பார்த்தபோது, அந்தப் பக்கப் பலகையில்தான் ஒரு வெடிப்பு இருந்தது. உப்பு மூட்டை ஏற்றுபவர்களுக்கும் மீன் பெட்டி ஏற்றுபவர்களுக்கும் இதே கதைதான்.

மாற்றும் வேலையைப் பற்றிச் சில விடயங்கள். முறிந்த பிளேட்டை ஒட்டித் தருகிறேன் என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வெல்டிங் சூட்டில் ஸ்பிரிங் உருக்கின் பதம் போய்விடும், ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி முறியும். ஒரு பக்கத்தை மட்டும் மாற்றினால் வண்டி சாயும், பிரேக் அடிக்கும்போது இழுக்கும். இரண்டு பக்கத்தையும் சேர்த்தே மாற்றினோம். ஹேங்கர் இருந்த இடத்தில் துருப்பிடித்த தகட்டை நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி எடுத்து, செஸி வேலை தெரிந்த ஒருவரைக் கொண்டு புதுத் துண்டு வைத்தோம். துருவின் மேல் தகடு வைத்து ஒட்டினால் பழையது உள்ளேயிருந்து தின்னும். யூ போல்ட், சென்டர் போல்ட், ஷெக்கல் பின், புஷ் எல்லாம் புதிது. கழற்றிய யூ போல்ட்டைத் திரும்பப் போடக் கூடாது. அது ஒரு தடவை இழுபட்டு நீண்டது. செஸியோடு ஓடும் பிரேக் பைப்பும் துருப்பிடித்திருந்தது, அதையும் மாற்றினோம்.

பஞ்சிகாவத்தையில் பாவித்த சாமான் மலிவாகக் கிடைக்கும். கதவு, லைட், ஏன் எஞ்சின்கூட அங்கே வாங்கலாம் என்பது என் கருத்து. ஆனால் பாவித்த ஸ்பிரிங்கும் போல் ஜொயின்டும் எத்தனை வருடம் எங்கே ஓடியவை என்று யாருக்கும் தெரியாது. ஜப்பானின் ஹொக்கைடோ போன்ற பனிப் பிரதேசங்களில் பாதையில் உறைந்த பனியைக் கரைக்க உப்பு போடுகிறார்கள். அங்கே ஓடிய வண்டியின் அடிப்பக்கம் நம் கற்பிட்டி வண்டியைவிட மோசமாக இருக்கலாம்.

முன்பக்கத்தில் டொல்பினுக்கு டோர்ஷன் பார். அதன் முறுக்கைத் தளர்த்தாமல் கழற்றினால் கையை உடைத்துவிடும். இடதும் வலதும் மாறவும் கூடாது. இது வீட்டு வாசலில் ஜெக் வைத்துச் செய்யும் வேலையல்ல.

எல்லாமாக ஆறு நாள் வேன் நின்றது. சாமான் செலவு, கூலி, மூன்று பயணத்துக்கு வாடகை லொறி என்று அந்த மாத இலாபம் அப்படியே போனது. அந்த நேரம் சிலர், மேலாகப் பெயின்ட் அடித்து விற்றுவிடச் சொன்னார்கள். பழைய வேனுக்கு நல்ல விலை இருந்த காலம்தான். குறையை மறைத்து விற்பது நமக்கு ஆகுமான வியாபாரமல்ல என்பது ஒருபுறம். டொல்பினை வாங்குபவர் அதில் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றலாம் என்பது இன்னொருபுறம்.

இப்போது தளத்தின் மேல் தடித்த பொலித்தீன் விரித்து, ஓரத்தை மடித்து, உப்புத் தண்ணீரைப் பின்கதவுப் பக்கம் வழியவிடுகிறோம். ஒவ்வொரு பயணம் முடிந்ததும் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவுகிறோம். களப்புத் தண்ணீரால் கழுவுவதில் பயனில்லை. கழிவு ஒயிலை அடியில் விசிறும் பழைய வழக்கம் நம் பகுதியில் இருக்கிறது. இரும்புக்கு அது கொஞ்சம் உதவும், ஆனால் புஷ், பிரேக் ஹோஸ் போன்ற இறப்பர் சாமான்களை ஊதவைத்துக் கெடுக்கும். துருவின் மேல் கறுப்பு அண்டர்கோட் அடிப்பது அதைவிட மோசம், ஈரம் உள்ளே அடைபட்டுவிடும். பாவித்த வேன் வாங்கப் போகிறவர்கள் அடிப்பக்கம் பளபளவென்று புதுக் கறுப்பாக இருந்தால் ஒரு பாஸைக் கூட்டிப்போய் சுத்தியலால் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஸ்பிரிங் மாற்றியவர்களுக்கு இன்னொன்று. புது யூ போல்ட் முதல் சில நூறு கிலோமீற்றரில் கொஞ்சம் தளரும். கொழும்புக்குப் போய்வந்த முதல் பயணத்துக்குப் பிறகு, சக்கரம் தரையில் நிற்க, நான்கு நட்டையும் குறுக்கு மறுக்காக மறுபடி இறுக்க வேண்டும். எங்கள் வேனில் அப்படி இறுக்கியபோது வலது பக்கம் கால் சுற்றுக்குமேல் போனது.