விதையிலிருந்து சேமிப்பு வெங்காயம்

வெங்காயத்திற்கு ஈருள்ளி என்றொரு பெயரும் தமிழில் உண்டு. உரித்தால் உள்ளே ஒன்றுமில்லை என்று அதனை எளிதாகப் பேசுவர். ஆயின், உரிபடும் இதழ் ஒவ்வொன்றும் ஓர் இலையின் அடிப்பகுதியே. இலை தயாரித்த உணவு அங்குத் திரள்வதால் அது பருக்கிறது. ஆகவே, திரளத் தொடங்குமுன் செடியில் எத்தனை தாள்கள் செழித்தனவோ, அதற்கேற்பவே வெங்காயத்தின் பருமனும் அமையும்.

திரளும் காலத்தைக் குறிப்பது பகற்பொழுது. பகலின் நீளம் செடிகளின் வளர்ச்சியை ஆள்கிறது என்பதை அமெரிக்க அறிஞர்களான கார்னரும் அல்லார்டும் 1920-இல் விளக்கினர். வட ஐரோப்பிய வெங்காய வகைகள் திரள 14 முதல் 16 மணி நேரப் பகல் வேண்டும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ஆண்டு முழுவதும் பகல் 12 மணியை ஒட்டியே நிற்கிறது. அவ்வகை விதையை இங்கு ஊன்றினால் தாள் வளரும், வெங்காயம் திரளாது. குறும்பகல் வகைகளே இங்கு ஏற்றவை.

குறும்பகல் வகைகளுள்ளும் வேற்றுமை உண்டு. நாசிக் பகுதியில் மழைக்காலத்தில் விளையும் வெங்காயம் நெடுநாள் இருப்பதில்லை. குளிர்காலத்தில் பயிராகிக் கோடைத் தொடக்கத்தில் எடுக்கப்படுவதே மாதக்கணக்கில் நிற்கும். 'அக்ரிபவுண்டு லைட் ரெட்' இப்பிற்பட்ட இனத்தைச் சேர்ந்தது. சின்ன வெங்காயத்தைக் காயை ஊன்றிப் பயிரிடுவதே வழக்கம். எனினும், கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் 'கோ.ஆன். 5' விதையிலிருந்தே விளைகிறது.

வெங்காய விதை விரைவில் மூப்படையும். ஓராண்டு கழிந்த விதையை நம்புதல் அரிது. இருபது விதைகளை ஈரத்துணியில் முடிந்து வைத்துப் பத்து நாளில் பார்த்தல் நலம். பாதியேனும் முளைக்காவிடில் புது விதை தேடுக.

நாற்றங்காலில் அரை அங்குல ஆழத்தில் விதைத்து, கூரையிட்டு மழையைத் தடுக்க வேண்டும். ஆறு ஏழு வாரங்களில் நாற்றைப் பிடுங்கி, உயர்த்திய பாத்தியில் நான்கு அங்குல இடைவெளியில் நடலாம். வேர் மேலோட்டமானது, களையைத் தாங்காது. மாட்டெருவைத் தொடக்கத்திலேயே இடுக. பிற்காலத்தில் தழைச்சத்து மிகுந்தால் கழுத்துத் தடித்து, காய் விரைவில் அழுகும்.

நட்டபின் ஏறத்தாழ நான்கு மாதத்தில் தாள்கள் தாமே சாயும். அவ்வமயம் மழை பெய்தலாகாது. பினாங்கு, கெடா, பெர்லிஸ் பகுதிகளில் ஜனவரியும் பிப்ரவரியும் வறண்டவை. ஆதலால், அறுவடை அம்மாதங்களில் அமையுமாறு செப்டம்பரில் விதைப்பது பொருத்தமாகும். தாள்களில் பாதி சாய்ந்ததும் நீரை நிறுத்த வேண்டும்.

பிடுங்கிய வெங்காயத்தை மூன்று நான்கு நாள் வெயிலில் தாளுடன் இடுக. ஒன்றன் தாள் மற்றொன்றன் காயை மூடட்டும். பின்னர் இரு வாரம் நிழலில் காற்றாட வைத்து, கழுத்து முற்றும் வற்றியபின் ஓரங்குலம் விட்டுத் தாளை அறுக்கலாம். பசுங்கழுத்தே அழுகல் நுழையும் வாயில்.

குளிர்ப்பதனப் பெட்டியில் வைத்தால் காக்கலாம் என எண்ணுவர் பலர். உறைநிலையை ஒட்டிய கடுங்குளிரும், 25 முதல் 30 பாகை வரையுள்ள வெப்பமும் முளையை அடக்கும். இடைப்பட்ட குளிரே முளையைத் தூண்டும். நம் நாட்டு வெப்பம் இவ்வகையில் துணையே, பகையாவது ஈரக்காற்று. எனவே, வலைப்பையில் இட்டுக் காற்றோடும் பரணில் தொங்கவிடுதல் தக்கது. தடித்த கழுத்தும் காயமும் உடையவற்றை முதலில் சமையலுக்கு எடுத்து, மெல்லிய கழுத்தும் இறுகிய தோலும் உடையவற்றையே இருப்பில் வைக்க வேண்டும்.