விளக்குச் சுடரில் விளையும் மணிகள்

இத்தாலி நாட்டு வெனிஸ் நகரத்துக் கண்ணாடி மணிகள் உலகெங்கும் பெயர்பெற்றவை. அவற்றுள் விளக்குச் சுடரில் இயற்றப்பெறும் மணிகளைக் குறித்து யாம் ஈண்டுச் சிறிது கூறுவாம்.

இத்தொழிற்குப் பேருலை வேண்டுவதில்லை. மேசைமேல் எரியும் சுடரொன்றே அமையும். முற்காலத்தார் விளக்கின் சுடரைத் துருத்தியால் ஊதிப் பெருக்கினர். இக்காலத்தார் எரிவாயுவைக் கொள்கின்றனர். களிமண் குழம்பு பூசி உலர்த்திய கம்பியின்மீது, தேன்போல் இளகிய கண்ணாடியைச் சுற்றினால் மணி உருவாகும். அதன்மேல் வேறு நிறக் கண்ணாடியாற் புள்ளிகளிட்டு முற்றும் உருக்காது விடின், அவை அரும்புபோற் புடைத்து நிற்கும்; மேலும் உருக்கின் மணியோடு படிந்துவிடும். கூரிய ஊசியால் இழுப்பின் புள்ளி இறகுபோல் நீளும். கண்ணாடித் துகளில் உருட்டினால் மேற்புறம் சொரசொரப்பாகும்.

இனி, இவ்வழகு நிலைத்தற்கு வேண்டுவது ஒன்றுண்டு. மணியை விரைந்து குளிரவிடின் மேற்புறம் முன்னர் இறுகும். உட்புறமோ பின்னரும் சுருங்க முயலும். இம்முரணால் மணி அப்பொழுதே வெடிக்கும். அன்றிப் பல நாள் கழித்தும் வெடிக்கும். ஆதலின் ஏறத்தாழ 500 பாகை சென்டிகிரேடு வெப்பமுள்ள சூளையில் வைத்து மெல்ல ஆற்றுவர். ஆறியபின் களிமண் பூச்சினால் மணி எளிதிற் கழன்றுவரும். கம்பி நின்ற இடமே துளையாம்.

2020-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இத்தாலி, பிரான்சு நாடுகளின் கண்ணாடி மணிக் கலையை மானிடப் பண்பாட்டு மரபுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. மணியின் நிறத்தை யாவரும் காண்பர். அதனைக் காத்த பொறுமையைக் காண்பார் அரியர்.