காட்டோரக் கிராமங்களில் அடைப்பான் நோய்

உழவனுக்கு மாடே செல்வம். மாடு என்னும் சொல்லுக்கே செல்வம் என்ற பொருளும் நம் மொழியில் உண்டு. அச்செல்வத்தை ஓரிரவில் அழிக்கவல்ல நோய்களுள் ஒன்று அடைப்பான். காட்டையடுத்த கிராமங்களில் இந்நோய் வீட்டு விலங்குகளோடு நிற்பதில்லை. மான், காட்டெருமை, காட்டுப்பன்றி, யானை ஆகியவற்றையும் அது கொல்லும். அவற்றிடமிருந்து மீண்டும் நம் கால்நடைகளை வந்தடையும். இது எவ்வாறு நிகழ்கிறது என்பதைப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் உழவர் பெருமக்களும் அறிந்திருத்தல் இன்றியமையாதது.

அடைப்பான் ஒருவகை பாக்டீரியாக் கிருமியால் உண்டாவது. இதனை 1876-ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் கோக் நிறுவினார். இக்கிருமி வெளிக்காற்றுப் பட்டவுடன் தடித்த உறையுள்ள வித்தாக மாறிவிடும். அவ்வித்து வெயிலையும் வறட்சியையும் தாங்கி, பல பத்தாண்டுகள் மண்ணில் உயிரோடிருக்கும்.

உயிரோடுள்ள மாட்டிடமிருந்து மற்றொரு மாட்டிற்கு இந்நோய் நேரே தொற்றுவது அரிது. செத்த உடலும் அது கிடந்த மண்ணுமே நோயைக் கடத்துகின்றன. மாடு இறந்தால் நாம் அதனைக் காட்டோரத்தில் இழுத்துப் போட்டுவிடுகிறோம். நாயும் நரியும் அதைக் கிழிக்கின்றன. குருதி மண்ணில் கலக்கிறது. மழைநீர் வித்துக்களைப் பள்ளங்களில் கொண்டு சேர்க்கிறது. கோடையில் புல் கட்டையாகும்போது, அங்கு மேயும் மான் புல்லோடு மண்ணையும் உட்கொள்கிறது. அம்மான் இறந்த இடத்தில் பின்னர் நம் ஆடுகள் மேய்கின்றன.

2021-ஆம் ஆண்டில் கோவை மாவட்டம் ஆனைகட்டிப் பகுதியில் பெண் யானையொன்று இந்நோயால் மாண்டது. 2022-ஆம் ஆண்டில் கேரளத்தின் அதிரப்பள்ளிக் காட்டில் காட்டுப்பன்றிகள் மாண்டன. அவற்றின் உடல்களை அகற்றச் சென்றோரை மருத்துவக் கண்காணிப்பில் வைக்க நேர்ந்தது.

நோயுற்ற மாடு கடுங்காய்ச்சலும் நடுக்கமும் மூச்சுத் திணறலும் கண்டு விரைவில் இறக்கும். அறிகுறி ஏதுமின்றித் திடீரென விழுந்து இறப்பதும் உண்டு. மூக்கு, வாய், ஆசனவாய் வழியே உறையாத கருங்குருதி கசியும்; வயிறு விரைந்து உப்பும்.

இத்தகைய உடலை ஒருபோதும் அறுக்கலாகாது. அறுக்காமல் விட்டால் உடல் அழுகும்போது உள்ளிருக்கும் கிருமிகள் பெரும்பாலும் மடிந்துபோகும்; அறுத்தால் காற்றுப் பட்டு வித்துக்களாகும். மாட்டை இழந்த ஏழை, தோலையும் இறைச்சியையுமாவது விற்றுச் சிறிது பணம் காண நினைப்பது இயல்பே. ஆயின் அச்சிறு பணத்திற்கு விலையாவது அயலாரின் மந்தையும், அறுத்தவரின் உடல்நலமுமாகும். அறுத்தவர் கையில் வலியற்ற கொப்புளம் தோன்றி நடுவில் கறுத்துப் புண்ணாகும். இறைச்சியை உண்டால் உயிருக்கே தீங்கு நேரலாம். தொடக்கத்திலேயே மருத்துவரிடம் சென்றால் குணமாகும்.

மாடு ஐயத்திற்கிடமாக இறந்தால், 1962 என்னும் தொலைபேசி எண்ணிலோ கால்நடை மருந்தகத்திலோ உடனே தெரிவித்தல் வேண்டும். மருத்துவர் வரும்வரை நாய்கள் அணுகாமல் காத்தல் வேண்டும். பின்பு அவர் சொல்லும் முறைப்படி உடலை எரிக்கவோ, நீர்நிலைக்கும் மேய்ச்சலுக்கும் அப்பால் 6 அடிக்குக் குறையாத ஆழத்தில் புதைக்கவோ வேண்டும். காட்டு விலங்கு இறந்து கிடந்தால் தொடாமல் வனத்துறைக்கு அறிவிக்க வேண்டும்.

நோய் கண்ட ஊர்களில் ஆண்டுக்கொருமுறை தடுப்பூசி போடுதலே சிறந்த காப்பு. 1932 முதல் இயங்கிவரும் இராணிப்பேட்டைக் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் இத்தடுப்பு மருந்தைத் தயாரித்து வருகிறது.

பஞ்சாயத்துகள் செய்யக்கூடிய பணி ஒன்றுண்டு. கால்நடைகளைப் புதைப்பதற்கான இடத்தை முன்கூட்டியே தேர்ந்து வேலியிட்டு வைக்கலாம். குழி வெட்டும் உழைப்பை ஊரே பகிர்ந்துகொள்ளலாம். மாட்டை இழந்தவன் தனித்து விடப்பட்டால் உடல் காட்டோரத்திற்கே செல்லும். ஊர் துணை நின்றால், நோய் அந்த ஒரு மாட்டோடு முடியும்.